கருனியின் பதிவேடும் வினையின் இலக்கணமும்



இலக்கணம் கற்பித்து ஓய்வு பெற்ற நமக்கும் கணினியின் உள்ளுறுப்புக்கும் என்ன உறவு என்று, இப்பொழிவின் அறிவிப்பைக் கண்ட நண்பர்கள் சிலர் கேட்டனர். நியாயமான கேள்விதான். கணினியின் அடித்தளத்தில் ஒரு பதிவேடு எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது. யார், எதை, எப்போது, எங்கிருந்து, எதைக்கொண்டு செய்தார் என்பன அதில் பதியப்படுகின்றன. இவை அனைத்தும் வினைச்சொல்லின் இலக்கணத்தில் நாம் மாணவர்க்குக் கற்பித்து வந்தவை. அப்பதிவேட்டை நம்பி ஒருவரைக் குற்றவாளி என்றும், மற்றொருவரைக் குற்றமற்றவர் என்றும் அலுவலகங்களில் முடிவு செய்கிறார்கள். ஒருவருடைய பிழைப்பே தொங்கி நிற்கும் வாக்கியம் எப்படி அமைந்திருக்கிறது என்று கேட்பது மொழியியலாளரின் கடமைக்குள் அடங்கும் என்றே கருதுகிறோம்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கணினியில் நாம் காணும் நிரல்கள் எல்லாம் நேரடியாக வட்டையோ நினைவகத்தையோ தொட இயலாது. இடையில் ஓர் அதிகாரி இருக்கிறார். ஆங்கிலேயர் அதனைக் கெர்னல் என்பர். தமிழில் கருனி என்று எழுதுவோர் உளர். நாமும் அச்சொல்லையே ஆள்வோம். ஒரு கோப்பைத் திறக்க வேண்டுமா, அழிக்க வேண்டுமா, வலைவழி ஒரு செய்தி அனுப்ப வேண்டுமா, எந்த நிரலாயினும் கருனியிடம் வந்து கேட்டே ஆகவேண்டும். அந்தக் கேட்புக்கு அமைப்பு அழைப்பு என்று பெயர். கேட்பு வரும் வாயிலில் அமர்ந்து, வந்தவர் யார், கேட்டது என்ன, கிடைத்தது என்ன என்று எழுதி வைப்பதே தணிக்கைப் பதிவு.

தணிக்கை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர்க்குத் திரைப்படத் தணிக்கை நினைவுக்கு வரும். வெட்டி நீக்குவது என்ற பொருள் மனத்தில் படியும். இங்கே எதுவும் வெட்டப்படுவதில்லை. இலங்கைத் தமிழர் வழங்கும் கணக்காய்வு என்ற சொல் இன்னும் பொருத்தமானது. ஆங்கிலச் சொல்லின் வேரோ இலத்தீன் மொழியில் கேட்டல் என்று பொருள்படும். முற்காலத்தில் கணக்கை ஒருவர் உரக்கப் படிக்க, அதிகாரி செவியால் கேட்டுச் சரிபார்த்தார். கேட்டவரே தணிக்கையாளர் ஆனார். கருனியும் அவ்வகையில் ஒரு கேட்போன்தான்.

இந்த ஏற்பாடு புதியதன்று. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1983-இல் வெளியிட்டு 1985-இல் மறுபடியும் பதிப்பித்த மதிப்பீட்டு விதிநூல் ஒன்று உண்டு; அட்டையின் நிறத்தால் ஆரஞ்சுப் புத்தகம் என்றே பெயர் பெற்றது. குறிப்பிட்ட ஒரு தரத்துக்கு மேல் மதிப்புப் பெற விரும்பும் எந்தக் கணினி அமைப்பும் ஒவ்வொரு நிகழ்வுக்கும் நாள், நேரம், ஆள், நிகழ்வின் வகை, நிறைவேறியதா இல்லையா என்பவற்றைப் பதிய வேண்டும் என்று அது விதித்தது. லினக்ஸ் கருனியில் இதற்கென ஒரு பகுதி 2004-இல் சேர்ந்தது. ரெட் ஹேட் நிறுவனத்தைச் சேர்ந்த ரிக் ஃபெயித் அதன் முதல் ஆசிரியர். இன்று உலகின் வங்கிகளும் மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் நடத்தும் பரிமாறிகளில் பெரும்பகுதி லினக்ஸில் இயங்குவதால், நாம் அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

ஏன் கருனியிலேயே எழுத வேண்டும்? ஒவ்வொரு நிரலும் தன் கணக்கைத் தானே எழுதிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். விடியுமுன் பெரட்டுக்கு நின்ற தலைமுறையினர் இந்த அவையில் இருக்கிறீர்கள். தங்களுக்கு விளக்கம் தேவையில்லை. பால்மரம் சீவுகிறவர் தம் வருகையைத் தாமே எழுதிக்கொள்ளும் ஏற்பாடு எந்தத் தோட்டத்திலும் இருந்ததில்லை. வருகை செக்ரோலில் ஏறியது. அதை எழுதியவர் கிராணியார். எழுதுகிறவரும் எழுதப்படுகிறவரும் வேறுவேறாக இருப்பது பதிவின் முதல் விதி. அதிலேயே ஓர் அச்சமும் உண்டு. கிராணியார் எழுதியதைத் தொழிலாளி எப்படிச் சரிபார்ப்பது என்ற அச்சம். அதற்குப் பிறகு வருவோம்.

கருனி எழுதும் வாக்கியத்தைப் பார்ப்போம். ஒருவர் ஒரு கோப்பை அழித்தார் என்று கொள்வோம். கருனி ஒரே வரியில் எழுதி முடித்துவிடுவதில்லை. அழைப்புக்கு ஒரு வரி, நின்றுகொண்டிருந்த கோப்புறைக்கு ஒரு வரி, தொட்ட பொருளின் பாதைக்கு ஒரு வரி என்று பல வரிகள் எழுதும். அவை எல்லாவற்றிலும் ஒரே நேரமும் ஒரே தொடர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். தொடர் எண் ஒன்றாக இருந்தால் அவை ஒரே நிகழ்வு. நேரம் 1970 சனவரி முதல் நாளிலிருந்து கடந்த விநாடிகளாக, ஆயிரத்தில் ஒரு பங்கு வரை எழுதப்படும். பல சொற்கள் சேர்ந்து ஒரு முற்றுத்தொடர் ஆவதைப் போன்றதே இது. வரிகளைத் தனித்தனியே படித்தால் எச்சமாக நிற்கும். சேர்த்துப் படித்தால்தான் பொருள் முற்றும். பதிவேட்டைப் புரட்டுகிறவர்களில் பலர் தடுமாறும் முதல் இடம் இதுவே.

நன்னூலை நினைவுகூர்வோம். பவணந்தியார் வினைச்சொல்லுக்கு இலக்கணம் வகுக்கும்போது ஆறு பொருள்களைக் கூறுகிறார். செய்பவர், செயல், அதற்குப் பயன்பட்ட கருவி, நிகழ்ந்த இடம், காலம், செய்யப்பட்ட பொருள் ஆகிய ஆறு. இப்போது கருனியின் வாக்கியத்தை இதன் அருகில் வையுங்கள். செய்பவருக்கு அடையாள எண் இருக்கிறது. செயலுக்கு அமைப்பு அழைப்பின் எண் இருக்கிறது. கருவிக்கு, எந்த நிரல்வழிச் செய்யப்பட்டது என்று அதன் முழுப்பாதை இருக்கிறது. இடத்துக்கு முனையமும் கோப்புறையும் இருக்கின்றன. காலம் இருக்கிறது. செயப்படுபொருளாகக் கோப்பின் பெயர் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழாசிரியர் வகுத்த பட்டியலும் இருபத்தோராம் நூற்றாண்டுப் பொறியாளர் வகுத்த பட்டியலும் ஒத்துப்போவதில் மாயம் ஏதும் இல்லை. இருவரும் செயல் ஒன்றைச் சிதையாமல் சொல்ல என்னென்ன வேண்டும் என்று எண்ணினர். முன்னோர் கணினியை அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்குவோரிடம் நமக்கு உடன்பாடில்லை. அவர்கள் வினையை நன்றாக அறிந்திருந்தனர், அது போதும்.

செய்பவர் யார் என்பதில்தான் கருனி மிக நுட்பமாக நடந்துகொள்கிறது. இலக்கணத்தில் இயற்றும் கருத்தா, ஏவும் கருத்தா என்று இரண்டு கூறுவோம். தஞ்சைக் கோயிலைக் கட்டியவர் இராசராசர் என்கிறோம். உளி பிடித்தவர் வேறொருவர் என்பதும் தெரியும். கணினியில் முழு அதிகாரம் படைத்த ஒரு கணக்கு உண்டு. அதன் எண் சுழியம். சாதாரண ஊழியர் ஒருவர் நுழைந்து, அனுமதி பெற்று, அந்தச் சுழியக் கணக்கின் உருவில் வேலை செய்வார். அப்போது இயற்றியவர் சுழியம் என்று மட்டும் எழுதினால், பத்துப்பேர் அந்த உருவை எடுத்துக்கொள்ளும் அலுவலகத்தில் அந்தப் பதிவால் பயனில்லை. ஆதலின் கருனி இரண்டு எண்களை எழுதுகிறது. ஒன்று, அப்போது எந்த அதிகாரத்தில் நின்றார் என்பது. மற்றொன்று, முதன்முதலில் எந்தப் பெயரில் உள்ளே வந்தார் என்பது. இரண்டாவது எண் நுழைந்த கணத்தில் ஒட்டப்படும். வேறு உருவுக்கு மாறினாலும் உடன் வரும். அதனைப் பின்னர் மாற்ற இயலாதபடி பூட்டி வைக்கும் ஏற்பாடும் உண்டு.

ஆள் எவரும் நுழையாமல், கணினி எழுந்தபோதே தொடங்கிய பணிகளும் உள்ளன. அவற்றுக்கு நுழைந்தவர் என்று எவரும் இலர். அவ்விடத்தில் கருனி 4294967295 என்ற எண்ணை எழுதும். எழுவாய் இல்லை என்பதற்கான குறி அது. இந்தப் பத்து இலக்க எண்ணை நினைவில் வையுங்கள்.

எதிர்மறையும் பதியப்படுகிறது என்பது நமக்கு மிகவும் பிடித்த செய்தி. ஒருவர் ஒரு கோப்பைத் திறக்க முயன்று தோற்றாலும் வாக்கியம் எழுதப்படும். விடையாக −13 என்று இருந்தால் அனுமதி மறுக்கப்பட்டது என்று பொருள்; −2 என்று இருந்தால் அப்படியொரு பொருளே இல்லை என்று பொருள். நிகழாத செயலையும், அது நிகழாமைக்குரிய காரணத்தையும் இத்தனை சிக்கனமாகச் சொல்லும் மொழியை நாம் வேறெங்கும் கண்டதில்லை. களவு நடப்பதற்கு முன் கதவைத் தட்டிப் பார்த்தவரை இந்த −13-களே காட்டிக்கொடுக்கும்.

இனித் தமிழுக்கு வருவோம். கோப்பின் பெயர் தமிழில் இருந்தால் பதிவேட்டில் எப்படித் தோன்றும்? தோட்டம் என்று ஒரு கோப்புக்குப் பெயரிட்டதாகக் கொள்வோம். கண்ணுக்குத் தோ, ட், ட, ம் என நான்கு எழுத்துகள். ஒருங்குறியில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியெண் பெறுவதால் அது ஏழு குறியெண்கள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு, ஆக இருபத்தொன்று. கருனி அவற்றைப் பதினறும எண்முறையில், பைட்டுக்கு இரண்டு குறியாக, நாற்பத்திரண்டு குறிகளாக எழுதி வைக்கும். ஆங்கிலப் பெயரை மேற்கோள்குறிக்குள் அப்படியே எழுதும் அதே பதிவேடு, தமிழ்ப் பெயரை எண்களின் சரமாக ஆக்கிவிடுகிறது.

இதனைத் தமிழுக்கு இழைத்த இழிவு என்று உடனே கொதிக்க வேண்டா. பெயரில் ஒரு வெற்றிடம் வந்தாலும், மேற்கோள்குறி வந்தாலும் ஆங்கிலப் பெயருக்கும் இதே கதிதான். காரணம் தற்காப்பு. லினக்ஸில் கோப்பின் பெயருக்குள் வரிமுறிப்புக் குறியைக்கூட வைக்க முடியும். தீயவர் ஒருவர் பெயருக்குள் வரியை முறித்து, அதன்பின் போலியான ஒரு பதிவு வரியையே எழுதிவிட்டால், படிப்பவர் அதனைக் கருனியின் கூற்று என்று நம்பிவிடுவார். பிறர் கூற்றையும் தன் கூற்றையும் கலக்கவிடாமல் காப்பதற்கே, ஐயத்துக்குரிய எழுத்து வந்தவுடன் முழுப்பெயரையும் எண்ணாக்கிவிடுகிறது. எளிய ஆங்கில எழுத்துகளுக்கு வெளியே உள்ளவை எல்லாம் ஐயத்துக்குரியவை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தது நமக்கு உவப்பானதன்று. ஆயினும் காப்பின் தேவை மெய்யானது. 2016-இல் வெளிப்பட்ட ஒரு குறையே சான்று. நிரலுக்குக் கொடுக்கப்படும் சொற்களைக் கருனி இருமுறை படித்தது. எண்ணாக்க வேண்டுமா என்று அறிய ஒருமுறை, எழுதிக்கொள்ள மறுமுறை. இரண்டுக்கும் இடைப்பட்ட நொடிப்பொழுதில் அச்சொல்லை மாற்றிவிட்டால் காப்பு பயனற்றுப் போகும். 4.7 ஆம் பதிப்பு வரை இக்குறை இருந்தது. ஒருமுறை படித்து அதையே எழுது என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லுவது கருனிக்கும் பொருந்தியது.

எண்ணாக்கத்தில் நமக்கு ஓர் எதிர்பாராத நன்மையும் உண்டு. தோ என்ற எழுத்தைத் தகரத்துடன் ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். தகரத்துடன் ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பதிவேட்டிலோ முதலாவது நாற்பத்திரண்டு குறி, இரண்டாவது நாற்பத்தெட்டு. லினக்ஸின் கோப்பு முறைமைகள் பொதுவாக இவ்விரண்டையும் வேறு வேறு பெயர்களாகவே கொள்வதால், ஒரே கோப்புறையில் தோட்டம் என்று இரு கோப்புகள் அருகருகே இருக்க இயலும். ககரத்தையும் ஒன்று என்னும் தமிழ் எண்ணையும் மாற்றி எழுதி ஏமாற்றவும் இயலும். கண்ணை ஏமாற்றும் இந்தப் பெயர்கள் எண்சரத்தை ஏமாற்றுவதில்லை. ஆகவே எண்சரத்தை நீக்கிவிட்டுத் தமிழிலேயே எழுது என்று நாம் கோரமாட்டோம். எண்சரம் இருக்கட்டும், அதனைப் படிக்க அறிந்தவர் வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

இது வெறும் நுட்பப் பேச்சன்று என்பதற்கு நாம் அருகிருந்து கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பேச்சுத்தமிழ்ச் சொற்களை நாம் சில ஆண்டுகள் தொகுத்து வந்தோம். மரம் சீவியவர்கள், ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவர்கள் ஆகியோரின் குரல்பதிவுகளும் அவற்றின் எழுத்துருவும் ஒரு நிறுவனத்தின் பரிமாறியில் இருந்தன. கோப்புகளுக்கு ஊர்ப்பெயரும் சொல்லுமாகத் தமிழிலேயே பெயரிட்டிருந்தோம். ஒருநாள் ஒரு கோப்புறை முழுவதும் காணாமற்போயிற்று. அதற்கு முந்திய மாலையில் கடைசியாக உள்ளே வந்தவர், தட்டச்சுக்காகத் தற்காலிகமாக அமர்த்தப்பட்ட ஓர் இளைஞர். பதிவேட்டில் தேடினார்கள். தமிழ்ப் பெயரைக் கொடுத்துத் தேடியதால் ஒன்றும் கிடைக்கவில்லை. பதிவு இல்லை, எனவே அந்த இளைஞர் பதிவையும் அழித்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள். அவருடைய அந்த மாதச் சம்பளம் நிறுத்தப்பட்டது.

பதிவு இருந்தது. எண்சரமாக இருந்தது. தேடும் கருவிக்கு எண்ணைச் சொல்லாக்கிக் காட்டு என்று ஒரு சிறு கட்டளை கொடுத்தால் அது தமிழில் காட்டியிருக்கும். பின்னர் ஒருவர் அவ்வாறு செய்தபோது ஒவ்வொரு கோப்பின் பெயரும் வந்தது. நுழைந்தவர் என்ற இடத்தில் அந்த 4294967295 இருந்தது. கருவியின் இடத்தில், நெடுநாள் தொடப்படாத கோப்புகளைத் துப்புரவு செய்யும் ஒரு பணியின் பெயர் இருந்தது. எழுவாயற்ற வாக்கியம், மனிதர் எவரும் அதில் இல்லை. இளைஞருக்குச் சம்பளம் திரும்பக் கிடைத்தது. அவர் அந்த வேலைக்குத் திரும்பவில்லை. குரல்பதிவுகளில் ஒரு பகுதி மட்டுமே வேறு பிரதிகளிலிருந்து மீண்டது. பேசியவர்களில் சிலர் அதற்குள் காலமாகிவிட்டனர்.

கிராணியாரைப் பற்றிய அச்சத்துக்குத் திரும்புவோம். பதிவேட்டை வைத்திருப்பவரே அதனைத் திருத்தினால் என்ன செய்வது? சுழியக் கணக்கைக் கைப்பற்றியவர் பதிவுக் கோப்பையும் திருத்தலாம். எவற்றைப் பதிய வேண்டும் என்ற விதிகளைக் கணினி மறுபடி தொடங்கும்வரை மாற்ற இயலாதவாறு பூட்டலாம். ஆனால் எழுதி முடித்த ஏட்டை அந்தப் பூட்டுக் காப்பதில்லை. அதற்குப் பழைய வழியே சிறந்தது: எழுதியவுடன் வேறிடத்துக்கு அனுப்பிவிடுவது. 1986-இல் கலிபோர்னியாவின் லாரன்சு பெர்க்லி ஆய்வகத்தில், கணினிப் பயன்பாட்டுக் கணக்கில் எழுபத்தைந்து சென்ட் இடித்தது. வானியலாளரான கிளிஃபர்டு ஸ்டால் அதன் தடத்தைப் பிடித்துச் சென்று, செர்மனியின் ஹனோவரிலிருந்து நுழைந்த ஒருவரை வெளிப்படுத்தினார். நுழைந்தவர் அந்தக் கணினியில் முழு அதிகாரத்தையும் பெற்றிருந்ததால் அதன் பதிவை ஸ்டால் நம்பவில்லை. உள்வரும் இணைப்புகளில் அச்சுப்பொறிகளைப் பொருத்தி, நுழைந்தவர் தட்டிய ஒவ்வோர் எழுத்தையும் காகிதத்தில் ஏற்றினார். காகிதத்தைத் தொலைவிலிருந்து அழிக்க இயலாது.

வாயிலில் அமர்ந்து எழுதுகிறார் என்றோமே, வாயில் ஒன்றுதானா என்ற கேள்வியும் உண்டு. 2019-இல் லினக்ஸ் கருனியில் ஐஓ-யூரிங் என்ற விரைவுவழி சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு கேட்புக்கும் வாயிலுக்கு வராமல், கேட்புகளை ஒரு வரிசையில் இட்டுவிட்டால் கருனி எடுத்துச் செய்துகொள்ளும். வேகம் கூடியது, ஆனால் வாயிலில் இருந்த எழுத்தர் அக்கேட்புகளைக் காணவில்லை. 2022 தொடக்கத்தில் வெளிவந்த 5.16 ஆம் பதிப்பில்தான் அவற்றையும் பதியும் ஏற்பாடு வந்தது. வேகத்தை விரும்புவோர் முதலில் துறப்பது கணக்கெழுதுகிறவரைத்தான் போலும்.

எழுத்தர் எழுத இயலாத அளவுக்கு நிகழ்வுகள் குவிந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். மூன்று தெரிவுகள் உள்ளன. பேசாமல் விட்டுவிடு என்பது சுழியம். எச்சரித்துவிட்டுத் தொடர் என்பது ஒன்று. கணினியையே நிறுத்திவிடு என்பது இரண்டு. பதியப்படாத செயல் நடக்கவே கூடாது என்போர் மூன்றாவதைத் தேர்வர். கருவூலத்துக்கு அது தகும். நோயாளியின் மூச்சைக் கவனிக்கும் கணினிக்கு அதனைப் பரிந்துரைப்பவரை நாம் அருகில் சேர்க்கமாட்டோம். பதியத் தவறியவை எத்தனை என்ற எண்ணிக்கையைக் கருனி தனியே வைத்திருக்கிறது, கேட்டால் சொல்லும். பெரும்பாலோர் கேட்பதில்லை.

நன்னூலார் ஆறு கூறினார் என்றோம். தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் எட்டுக் கூறுகிறார். ஆறுக்கு மேற்பட்ட அவ்விரண்டு, இன்னாருக்காக என்பதும் இன்ன பயனுக்காக என்பதும். எல்லாத் தொழிலுக்கும் இவ்விரண்டும் வெளிப்பட்டு நிற்பதில்லை என்பதையும் உரைகள் விளக்கும். கருனியின் வாக்கியத்தில் இவ்விரண்டுக்கும் இடமே இல்லை. ஒருவர் ஒரு கோப்பைப் படித்தார் என்று அது எழுதும். தம் கடமைக்காகப் படித்தாரா, விற்பதற்காகப் படித்தாரா என்று எழுதாது, எழுதவும் இயலாது. வாயிலில் இருப்பவர்க்கு மனம் தெரியாது. பொறியாளர்கள் இதனை அறிவர். அதனால்தான் அந்தக் கட்டங்களை அவர்கள் வகுக்கவேயில்லை. ஆனால் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரை விசாரிக்கும் மேலதிகாரி, ஆறு கட்டங்களைப் படித்துவிட்டு ஏழாவதையும் எட்டாவதையும் தாமே நிரப்பிக்கொள்கிறார். அந்த இளைஞருக்கு நேர்ந்தது அதுதான். செய்பவர் என்ற கட்டத்தையே படிக்காமல், அவர் எதற்காகச் செய்திருப்பார் என்பதை முதலில் முடிவு செய்தார்கள்.

இந்த ஊரிலேயே உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் சிலர் அவையில் இருப்பதாகச் சொன்னார்கள். லினக்ஸ் கணினி வைத்திருப்போர் வீட்டுக்குச் சென்றதும் ஒரு கோப்புறையைக் கண்காணிக்கும் விதி ஒன்றை இடுங்கள். அதற்குள் தோட்டம் என்று ஒரு கோப்பை ஆக்கி, அழித்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். நாற்பத்திரண்டு குறிகள் வருகின்றனவா, நாற்பத்தெட்டா என்று எண்ணுங்கள். தங்கள் விசைப்பலகை ஓகாரத்தை எப்படி எழுதுகிறது என்பது அதில் தெரியும். பிறகு, எட்டுக் கட்டங்கள் வரைந்து, பதிவு எத்தனையை நிரப்புகிறது என்று எழுதி எமக்கு அனுப்புங்கள். மன்றத்தின் முகவரிக்கு அனுப்பினால் வந்து சேரும்.